டொய்ங் கிடாரில் எழுந்த வராகம்

போன வாரம் நம் குழுவின் ஒத்திகைக்கு வந்திருந்தேன். நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, டீ கொடுத்து மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். அந்த நேரம் பார்த்து உங்களில் ஒரு தம்பி காலடியில் இருந்த சின்னப் பெட்டியை மிதித்தார். அதுவரை சாதுவாக இருந்த கிடார் திடீரென்று உறுமியது. என் டீ வேட்டியில் கொட்டியது. இன்னொரு தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஐயா, ஒங்க காலத்துல ஹெவியா வாசிக்கணும்னா எதை மிதிப்பீங்க?”

வேட்டியைத் துடைக்கும் வேலை இருந்ததால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். பெட்டி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெட்டி நல்ல பெட்டிதான். அது இல்லாத இடத்தில், அது இல்லாத காலத்தில், பெண் கிடைக்குமா கிடைக்காதா என்ற நிலைமையில் ஒருத்தன் வாசித்த கதை இது. அந்த ஒருத்தன் நான்தான்.

எங்கள் குழுவின் தலைவரை மாஸ்டர் என்போம். ஆர்மோனியக்காரர். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாண்டிச்சேரியில் யாரோ ஊரைவிட்டுப் போகும்போது விற்ற எலெக்ட்ரிக் கிடாரை அவர்தான் வாங்கி வந்து என் தோளில் மாட்டினார். சிவப்பு உடம்பு, வெள்ளைத் தகடு. கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை. அதுதான் கம்பியின் சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது என்று சொன்னார். எப்படிப் பிடிக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிடாரைத் தொட்டால் ‘டொய்ங்’ என்னும். மெல்லிசாக, பளிச்சென்று, கடைசியில் ஒரு வாலை ஆட்டிக்கொண்டு போகும். சினிமாவில் நிலா வெளிச்சத்தில் கதாநாயகி படகில் போக வேண்டுமா, டொய்ங். கிளப்பில் ஆடுகிறவள் மாடிப்படி இறங்க வேண்டுமா, டொய்ங். அறுபதுகளில் எலெக்ட்ரிக் கிடார் என்றாலே எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அவ்வளவுதான். கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே ‘டொய்ங் டொய்ங்’ என்று கத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். எனக்கு அதில் பெருமைதான். சோறு போட்ட சத்தம் அது.

நான் மீனவ வீட்டுப் பிள்ளை. கடலூர் முதுநகருக்குக் கிழக்கே எங்கள் குப்பம். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் போனால் வாந்தி எடுப்பேன். கரை கண்ணை விட்டு மறைய வேண்டியதுதான், வயிறு பிரட்டிக்கொண்டு வந்துவிடும். அப்பா சலித்துப்போய், “நீ கரையிலயே கெட. படகு வந்தா கயிறு புடி” என்று விட்டுவிட்டார். படகை மணலில் இழுத்து ஏற்றும்போது கயிற்றின் கடைசியில் நிற்பது என் வேலை. மிச்ச நேரமெல்லாம் மாஸ்டர் வீட்டில் கிடந்தேன். அப்படித்தான் கிடார்க்காரன் ஆனேன்.

என் தாய்மாமன் கலியபெருமாளுக்கு இது பொறுக்கவில்லை. பிச்சாவரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பம் அவருடையது. தோள் அகலமான மனிதர். பஞ்சாயத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். அவர் மகள் அஞ்சலை எனக்கு முறைப்பெண். என்னைப் பிடித்திருக்கிறது என்று அவள் வாயால் சொன்னதில்லை. ஆனால் நான் அந்த வீட்டுக்குப் போனால் குழம்பில் மீன் தலை எனக்குத்தான் வரும். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் மாமன்மார் அக்கா மகனைத் தொட்டிலில் கிடக்கும்போதே ‘மாப்ள’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். மாமாவும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நான் போய் நின்றேனே, அன்றோடு அந்த வார்த்தை நின்றுபோனது. “வா, டொய்ங்கு” என்றார். நான் சிரித்து வைத்தேன். உள்ளே சுருக்கென்றது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சாமி திரும்பிய பிறகு, அன்று சாயங்காலம் மாமாவின் குப்பத்தில் வராக அவதார நாடகம் நடக்கும். வராகம் எப்போதும் மாமாதான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீலச் சாயம் போட்ட வலையைக் கட்டுவார்கள். அதுதான் கடல். மாமா பன்றி முகம் கட்டிக்கொண்டு அதன் பின்னால் குந்தியிருப்பார். பூமி என்பது பச்சையும் நீலமும் பூசிய ஒரு பெரிய பானை. வெறும் பானையைத் தூக்குவது சாமியை ஏமாற்றுகிற வேலை என்று அதில் மணலை நிரப்பச் சொல்வார். கட்டியங்காரன் ‘வராகம் வருகுது’ என்றதும் பம்பை மேளம் அதிரும். மாமா பூமியைத் தந்தத்தோடு சேர்த்துப் பிடித்தபடி கடலிலிருந்து எழுந்திருப்பார். குப்பமே கையெடுத்துக் கும்பிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருஷம் முழுக்க அவர் அவ்வளவு மிடுக்காக நடந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் பம்பைக்காரர்கள் திண்டிவனம் பக்கம் வேறு திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அஞ்சலையின் அண்ணன் தனசேகர், என் மச்சான், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயை விட்டான்.

“ஏம்பா, நம்ம வேலு மச்சான் கிடாரு இருக்குதே. அவுங்க குரூப்பயே கூப்புடலாம். மைக்செட்டோட வருவாங்க.”

மாமா வலை பின்னுவதை நிறுத்தாமல் சொன்னார். “நான் கடல்லேர்ந்து பூமியத் தூக்கிக்கினு வரேன்டா. கிளப்புல டான்ஸ் ஆடவா வரேன்? டொய்ங்குன்னு கேட்டா வராகம் வருமா, கொசு வருமா?”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. “வராகம் வர மாதிரி வாசிக்கறேன் மாமா” என்றேன்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “வந்துச்சின்னா வைகாசியில ஒனக்கும் அஞ்சலைக்கும் தேதி பாக்கறேன். கொசு வந்துச்சின்னா, புதுக்குப்பத்துலேர்ந்து ஒரு எடம் கேட்டுக்கினு இருக்காங்க. அவன் கடலுக்குப் போறவன். அப்புறம் என்னக் கேக்காத.”

வெளியே வந்தபோது அஞ்சலை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. குடம் நிரம்பியது. பிறகு, “எங்கப்பா சாமியா எழுந்துக்கற நேரத்துல ஊரு சிரிச்சிதுன்னா, அவுரு தேதி குறிச்சாலும் நான் ஒன்னக் கட்டிக்க மாட்டேன் மச்சான். பாத்துக்க” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதுவரை எனக்கு மாமாவிடம் மட்டும்தான் பயம்.

இந்த நிலைமையில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. முடிந்ததும் மலேயாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். ரெக்கார்ட் பிளேயர் வைத்திருந்தார். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய இங்கிலீஷ் தட்டு ஒன்றைப் போட்டார். கிடார்தான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. லாரி மேடு ஏறுகிற மாதிரி உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாஸ்டர் காதைக் குடைந்துகொண்டு, “இது கிடார் இல்ல தம்பி. மாவு மில்லு” என்றார். எப்படி இந்தச் சத்தம் வருகிறது என்று மாணவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. “கம்பி தடியா போட்டிருப்பாங்களோ என்னவோ” என்று பொதுவாகச் சொன்னார்.

அவர் பொதுவாகச் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கடலூருக்குத் திரும்பியதும் கிடாரில் இருப்பதிலேயே தடியான கம்பியை இன்னும் முறுக்கினால் என்ன என்று முறுக்கிப் பார்த்தேன். அறுந்தது. அந்தக் கம்பி கடலூரில் எங்கேயும் கிடைக்காது, மதராஸிலிருந்து வர வேண்டும். ஆனால் நான் கலங்கவில்லை. மீனவன் வீட்டில் தடியான நரம்புக்கா பஞ்சம்? சித்தப்பா சுறாவுக்குப் போடுகிற தங்கூசி நரம்பு, நல்ல நைலான், கூரையில் சுருட்டிச் சொருகியிருந்தது. சின்ன மீனுக்கு மெல்லிசு, சுறாவுக்குத் தடிசு. சத்தத்துக்கும் அதே கணக்குதான் என்று முடிவு கட்டி, அறுந்த கம்பி இருந்த இடத்தில் அதை மாட்டினேன். கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு தட்டினேன். ‘ஊம்ம்’ என்றது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. உலகத்தில் என்னைப் போல் புத்திசாலி கிடையாது என்று தோன்றியது.

ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்க்கவில்லை. அது மைக்செட்காரர் காதர் பாயுடையது. கச்சேரி நாளில்தான் கண்ணால் பார்ப்போம். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் வேலை செய்த லட்சணம் அது. சாமான் இரவல், ஒத்திகை மனசுக்குள், சோதனை மேடையில்.

மாசி மகம் வந்தது. சாமி வந்து, கடலாடி, திரும்பிப் போனார். வெயில் சாய ஆரம்பித்தபோது நாங்கள் குப்பத்துக் கரையில் சாமான்களை இறக்கினோம். காதர் பாய் பேட்டரியை இணைத்தார். கொம்பு ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டினார். நாடகத்து மைக்கை வலை கட்டிய கம்பத்தில் தொங்கவிட்டார். என் கிடாருக்குத் தனியாக ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர். அதை மணலில் வைக்கப் போனவரைத் தனசேகர் தடுத்து, “மணலு உள்ள பூந்துடும் பாய்” என்று கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் முதுகில் ஏற்றி வைத்தான்.

கிடாரைச் செருகினேன். மெல்லிய கம்பிகளைத் தட்டினேன். டொய்ங், டொய்ங். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். இருக்கட்டும், இப்போது பாருங்கள் என்று சுறா நரம்பைத் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினேன். நரம்பு கண்ணுக்குத் தெரிய ஆடுகிறது. என் விலா எலும்பில் அதிர்கிறது. ஸ்பீக்கர் ஊமையாக இருக்கிறது. காதர் பாய் ஆம்ப்ளிஃபயரின் தலையில் இரண்டு போடு போட்டார். ஒயரைப் பிடுங்கி ஊதிச் செருகினார். “எம் பொட்டி மேல தப்பில்ல வேலு. மத்த கம்பியெல்லாம் பேசுதே” என்றார். அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “இன்னா மச்சான், ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கற?” என்றாள். கறுப்புப் பட்டையின் இடுக்கில் மணல் ஏதாவது புகுந்திருக்கும், குத்தி எடுக்கலாம் என்று அவள் தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கேட்டேன். எடுத்து நீட்டினாள். பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி என் விரலை விட்டு நழுவி ‘டக்’ என்று பட்டையில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

“காந்தம்” என்றாள் அஞ்சலை. சுறா நரம்பை நகத்தால் சுண்டினாள். “இது தங்கூசி ஆச்சே மச்சான். காந்தம் எப்படிப் புடிக்கும்? இரும்புக் கம்பியத்தான் அது புடிக்கும்.”

இத்தனை வருஷம் அந்தக் கிடாரைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“மாஸ்டர், தடிக் கம்பி இல்ல. இப்ப இன்னா பண்றது?”

“இல்லாத கம்பியப் பத்தி என்கிட்ட ஏன் கேக்கற?” என்றார். “இருக்கற கம்பிங்கள கேளு.”

அப்போது அந்தப் பதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உதவி கேட்டால் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். நீங்களும் உங்கள் பெரியவர்களைப் பற்றி அப்படி நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சுறா நரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு அடுத்த கம்பியைத் தளர்த்த ஆரம்பித்தேன். முறுக்கினால் சத்தம் மெல்லிசாகிறது, கம்பியும் அறுகிறது; தளர்த்தினால் தடிக்கும். அது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. தளர்த்தத் தளர்த்தக் கம்பி தொங்கிப்போய், தட்டினால் கிடாரின் கழுத்திலிருந்த தகடுகளில் உரசிக் ‘கர்ர்ர்’ என்றது. வேறு நாளாக இருந்தால் பிசிறு என்று மாஸ்டர் திட்டியிருப்பார். அன்றைக்கு அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

எனக்கும் அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஜனங்கள் உட்கார இடம் போதாமல், தனசேகரும் நாலைந்து ஆட்களும் கரையில் நின்ற ஒரு படகை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பலகை மணலில் உரசியது. கர்ர்ர். அதே சத்தம். ஒருவன் ‘ஏலேலோ’ என்பான். எல்லாரும் ‘ஐலசா’ என்று இழுப்பார்கள். அப்புறம் மூச்சு வாங்க ஒரு சின்ன இடைவெளி. மறுபடி இழுப்பு. கயிற்றின் கடைசியில் எத்தனையோ காலை நின்றவன் நான். படகு கனமாகத் தெரிவது இழுக்கும்போது இல்லை. அந்த இடைவெளியில், கயிறு கையில் இறுகி நிற்கும்போதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரியும். இது எனக்கு உடம்பில் தெரிந்திருந்ததே தவிர, கிடாரில் உதவும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நினைக்க நேரமும் கிடைக்கவில்லை. நாடகம் ஆரம்பமாகிவிட்டது. தேவர்கள் வந்து அழுதார்கள். அசுரன் வந்து மீசையை முறுக்கினான். எங்கள் குழு பாட்டுக்குப் பாட்டு வாசித்தது. கட்டியங்காரன் வலைக்கு முன்னால் வந்து நின்று, “கடலு பொளக்குது, வராகம் வருகுது” என்று கத்தினான். வலைக்குப் பின்னால் மாமா பானையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் என் பக்கம் தலையை ஆட்டினார்.

பயத்தில் எல்லாம் மறந்துபோனது. படகும் மறந்தது, இடைவெளியும் மறந்தது. கை அதன் பழக்கத்துக்குப் போனது. முதல் அடி சுத்தமாக, அழகாக, ‘டொய்ங்’ என்று விழுந்து வாலை ஆட்டிக்கொண்டு கரை முழுக்கப் போனது.

முன்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பெரியவர்களில் ஒருத்தர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். வலைக்குப் பின்னால் பாதி எழுந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். மணல் நிறைந்த பானை, மடங்கிய முழங்கால், ஏறவும் முடியாது, உட்காரவும் முடியாது. அஞ்சலை பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிகளே, மேடையில் ஒரு தப்பு விழுந்தவுடன் கை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்து நிறைய வாசித்து அதை மூடப் பார்க்கும். வேகமாக, சத்தமாக, எதையாவது. என் கையும் பரபரத்தது. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், வாசிக்காமல் இருந்தது. உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து அழுத்தினேன். டொய்ங்கின் வால் அடங்கியது. கரை அமைதியானது. அப்போதுதான் புரிந்தது, சிரிப்பு வந்தது அந்த வாலைக் கேட்டுத்தான். கையை எடுக்காமலே, தளர்ந்த கம்பியை ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

‘தும்.’ கூடவே ஒரு ‘கர்ர்ர்.’

ஸ்பீக்கர் வைத்திருந்த படகின் வயிறு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. என் பாதத்துக்குக் கீழே மணல் அதிர்ந்தது. காதர் பாயைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கடைசிவரை திருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த அடியை அடிக்கவில்லை. காத்திருந்தேன். கயிறு இறுகி நிற்கிற அளவுக்குக் காத்திருந்தேன். பிறகு இழுத்தேன். தும், கர்ர்ர். மாமா ஒரு சாண் எழுந்தார். மறுபடி இடைவெளி. அந்த இடைவெளியில், கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, வேண்டுமென்று இல்லை, பழக்கத்தில், ‘ஏலேலோ’ என்றார்கள்.

அடுத்த அடியை நான் தனியாக அடிக்கவில்லை. குப்பமே ‘ஐலசா’ என்று சேர்ந்து அடித்தது. காலையும் சாயங்காலமும் படகு இழுக்கிற ஜனங்கள் அவர்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கடலுக்கு அடியிலிருந்து பன்றி முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. பம்பை அடித்த வருஷங்களில் மாமா ஒரே துள்ளலில் எழுந்துவிடுவார். அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை, அந்தக் கனத்தோடுதான் எழுந்தாக வேண்டும். அவர் கைகள் நடுங்கின. பூமி நிஜமாகவே கனக்கிறது என்பது கடைசி வரிசைவரை தெரிந்தது. சிரித்த பிள்ளை அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டது.

மாமா இடுப்பளவு வந்துவிட்டார். சாயங்கால வெளிச்சம் பானை மேல் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாசிக்கிறவன் நான்தான் என்பது மறந்துபோனது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. கை நின்றுவிட்டது. கூட்டமும் என் அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பன்றி முகத்துக்குள்ளிருந்து மாமா மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதான் சொன்னார். ஆனால் காதர் பாயின் மைக் அவர் காதுக்குப் பக்கத்துக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பனைமரத்துக் கொம்பு ஸ்பீக்கர் அதைக் கரை முழுக்கச் சொன்னது.

“நிறுத்தாதடா மாப்ள. இழு.”

இழுத்தேன். குப்பம் போட்ட சத்தத்தில் அந்த அடி எனக்கே கேட்கவில்லை. மாமா பூமியைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவளை இடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்தபோது, கறுப்புப் பட்டையில் அவள் கொண்டை ஊசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

காதர் பாயின் ஆம்ப்ளிஃபயர் நாடகம் முடிவதற்குள் புகைந்து நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் பல வருஷம் பேசினார். எனக்குப் பிறகு சிதம்பரத்தில் ஒரு வீணைக் கம்பி கிடைத்தது, எஃகின் மேல் செம்பு சுற்றியது. காந்தம் அதை ஒத்துக்கொண்டது. அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் அந்தச் சிவப்புக் கிடாரில் உறுமியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டேன், ‘டொய்ங்’கையும் ‘தும்’மையும். எதை எப்போது கொடுப்பது என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். எதை மிதித்தேன் என்று கேட்டீர்களே, அந்தக் கரை மணலைத்தான் மிதித்தேன். உங்கள் பெட்டியை நீங்கள் மிதியுங்கள். மிதிக்கும் முன்னால் கொஞ்சம் காத்திருங்கள், எதிரே யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று பாருங்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் மாஸ்டர் குழுதான் வாசித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமே கிடாரைக் கொடுத்து, “இன்னைக்கி அந்த டொய்ங்க வாசி, கேப்போம்” என்றார் மாமா. வாசித்தேன்.

மாசி மகத்தன்று சொன்னதை மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. யாராவது கிண்டல் செய்தால், “நான் எங்கடா சொன்னேன்? காதர் பாயி மைக்கு சொல்லிச்சி” என்பார். சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, “மாப்ளைக்குச் சோறு வைம்மா” என்பார். அதற்குப் பிறகு அவர் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.